ஸீப்ரா மீன் மூளையில் ஜீன் தேடியவர்கள்: இன்னும் உறுத்தும் ஸ்லைடு எது?

ஊதாக்கோடு:
அலெக்சாண்டர் என்ற மூளை நோய்க்குக் காரணமான ஜிஎஃப்ஏபி ஜீன். ஆறு மாத மீன், உறையவைத்து மெல்லிசாக வெட்டிய கிரையோஸ்டாட் செக்‌ஷன், வழக்கமான டிக் ப்ரோப் (ஜீன் இயங்கும் செல்லில் ஒட்டி, ஊதா நிறமாகக் காட்டிக்கொடுக்கும் ஆர்என்ஏ துண்டு). எலி மூளையைப் பார்த்துப் பழகிய கண் என்பதால் நட்சத்திர வடிவ செல்கள் எங்கும் சிதறிக் கிடக்கும் என்று காத்திருந்தேன். முன்மூளையில் தெரிந்ததோ ஓரமாக ஓடிய ஓர் ஊதாக் கோடுதான், தையல் நூல் மாதிரி. ஓரம் காய்ந்து நிறம் பிடித்துவிட்டது என்று எல்லாவற்றையும் தூக்கிப் போட்டேன்.

மூன்று வாரம் கழித்துத்தான் உறைத்தது. மீனின் முன்மூளை வளரும்போது வெளிப்பக்கமாக விரிகிறது. நமக்கு உள்ளே இருக்கும் வென்ட்ரிக்கிள் (மூளைநீர் அறை) அதற்கு மேல்பரப்பில். நான் ஓரம் என்று நினைத்தது வென்ட்ரிக்கிள் சுவர். அதில் வரிசையாக நின்றவை ரேடியல் கிளியா செல்கள். வளர்ந்த மீனிலும் புது நியூரான்களைத் தருகிற செல்கள் அவை!

பேரிக்காய்:
எனக்கு டோபமின். ஒரு பார்க்கின்சன் ஜீனை, டோபமின் செல்லுக்கு அடையாளமான டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் நொதியின் ஜீனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மனிதருக்கு அந்த நோயில் சாவது நடுமூளைச் செல்கள்தானே, அதனால் நடுமூளையை மட்டும் வெட்டினேன். ஒரு செல் கூட இல்லை. ப்ரோப் கெட்டுவிட்டது என்று நான்கு முறை புதிதாகச் செய்தேன். கடைசியில் லேபில் இருந்த ஓர் அக்கா, "கொஞ்சம் முன்னால போய் வெட்டிப் பாருப்பா" என்றார். இடைமூளையில், போஸ்டீரியர் டியூபர்குலத்தில், பேரிக்காய் வடிவத்தில் பெரிய பெரிய செல்கள். கை நடுங்கிவிட்டது. மீனின் நடுமூளையில் டோபமின் செல்களே கிடையாது என்பதை யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

சென்ஸ்_முதலில்:
இருவருமே உடற்கூறு தெரியாததுதான் காரணம் என்கிறீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், கன்ட்ரோலைத்தான், அதாவது ஒப்பிட்டுச் சரிபார்க்க வைப்பதைத்தான், கவனிக்கவில்லை. என் கதை சின்னது: அல்சைமர் நோயோடு தொடர்புடைய அமிலாய்டு முன்னோடிப் புரதத்தின் ஜீனுக்கு மீனில் ஏ, பி என்று இரண்டு பிரதிகள். ஏ பிரதிக்கு மட்டும் ப்ரோப் போட்டுவிட்டு, "இந்தப் பகுதியில் இல்லை" என்று கூட்டத்தில் சொல்லிவிட்டேன். "பி பார்த்தீங்களா?" என்று ஒரு முதலாண்டு மாணவி கேட்டாள். பதில் இல்லை.

அதனால் சொல்கிறேன். முதலில் ஜீனோமில் எத்தனை பிரதி என்று பாருங்கள். பார்க்கின்சனோடு தொடர்புடைய ஆல்ஃபா-சைனூக்ளின் மாதிரி மீனில் இல்லவே இல்லாத ஜீனும் உண்டு. இரண்டு பிரதிகளும் ஒத்திருக்கிற பகுதியில் ப்ரோப் போடாதீர்கள், எது எதுவென்று பிரிக்க முடியாது. ஆன்டிசென்ஸுக்கும் (ஜீனின் ஆர்என்ஏவில் ஒட்டும் ப்ரோப்) சென்ஸுக்கும் (ஒட்டாத, ஒப்பிட மட்டும் வைக்கும் ப்ரோப்) ஒரே நேரம்தான் நிறம் ஏற்ற வேண்டும். ஒன்றை இரண்டு மணியில் நிறுத்திவிட்டு மற்றதை ராத்திரி முழுக்க விட்டால் ஒப்பிட எதுவும் இல்லை. நன்றாகத் தெரிந்த ஒரு ஜீனின் ப்ரோப்பும் கூடவே ஓடட்டும். பேரிக்காய், அது இருந்திருந்தால் நான்கு ப்ரோப் வீணாகியிருக்காது. ஊதாக்கோடு, பக்கத்தில் ஒரு சென்ஸ் ஸ்லைடு வைத்திருந்தால் ஓரக் கறையா இல்லையா என்று அன்றே தெரிந்திருக்கும்.

ஊதாக்கோடு:
சென்ஸ் ஸ்லைடு அதே தட்டில்தான் இருந்தது. ஓரம் சுத்தமாக இருந்தது. தூக்கிப் போடுவதற்கு முன் அதை எடுத்துப் பார்க்கவில்லை.