பிணைந்த ஊசல்கள்: ஆற்றல் ஏன் பாதியில் நிற்பதில்லை?

கேள்வி:
இரண்டு நாற்காலிகளுக்கிடையே ஒரு நூலைச் சற்றுத் தொய்வாகக் கட்டி, சம நீளமுள்ள இரண்டு ஊசல்களை அதில் தொங்கவிட்டு, ஒன்றை மட்டும் நூலுக்குக் குறுக்காக இழுத்து விட்டேன். சிறிது நேரத்தில் அது முற்றிலும் நின்றுவிட, மற்றது ஏறக்குறைய முழு வீச்சில் ஆடியது. பிறகு இதுவும் ஓய்ந்து, முதலாவது மீண்டும் ஆடத் தொடங்கியது. குழாயால் இணைத்த இரு பாத்திரங்களில் நீர் சமமட்டம் வந்ததும் நின்றுவிடுகிறதே, இங்கு ஆற்றல் பாதிப்பாதியாகப் பிரிந்ததும் பரிமாற்றம் ஏன் நிற்கவில்லை?

பதில் 1:
எந்த ஊசலிடம் ஆற்றல் மிகுதி என்பது இங்கே பொருட்டல்ல, எது பிந்தி ஆடுகிறது என்பதே பொருட்டு. இரண்டாவது ஊசல் முதலாவதைவிடக் கால் அலைவு பிந்தியே ஆடுவதால், அது தாழ்ந்த புள்ளியைப் பெருவேகத்தில் கடக்கும்போது முதலாவது தன் ஓரத்தில் நின்று, நூலை இரண்டாவது செல்லும் திசையிலேயே இழுக்கிறது. வீச்சுகள் சமமான கணத்திலும் இந்தக் கால் அலைவு இடைவெளி மாறுவதில்லை. சொல்லப்போனால், கைமாறும் வேகம் இரு வீச்சுகளின் பெருக்கத்தைப் பொறுத்தது என்பதால், அந்தக் கணத்தில்தான் அது உச்சம். முதலாவது நின்று மீண்டும் கிளம்பும்போது அதுவே பிந்துகிறது. ஆற்றலின் திசையும் திரும்பிவிடுகிறது.

பதில் 2:
மேலே கூறியதைக் கணக்காகவும் பார்க்கலாம். இரண்டும் ஒரே திசையில் ஆடினால் நூலும் உடன் அசைவதால் அலைவு நேரம் சற்று அதிகம். எதிரெதிராக ஆடினால் சற்றுக் குறைவு. இவை முறையே 2.0 நொடி, 1.9 நொடி எனக் கொண்டால், ஒன்றை மட்டும் இழுத்து விடுவது இவ்விரு முறைகளையும் சம அளவில் கலப்பதாகும். அவற்றின் விம்மல் காலம், அதாவது இரு முறைகளும் ஒத்துப்போய், விலகி, மீண்டும் ஒத்துப்போக ஆகும் நேரம், 38 நொடி. ஆகவே 19 நொடியில் ஆற்றல் முழுவதும் இடம் மாறி, அடுத்த 19 நொடியில் திரும்பி வரும். நீளங்கள் சிறிது வேறுபட்டாலும் முதல் ஊசல் முழுமையாக நிற்காது.

கேட்டவர்:
தெளிவாயிற்று, மிக்க நன்றி. 1665-இல் டச்சு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் ஒரே தாங்கியில் தொங்கவிட்ட இரு கடிகாரங்களின் ஊசல்கள் மாறி மாறி நிற்காமல், எதிரெதிராகவே நிலைத்து ஆடினவே, அது எப்படி?

பதில் 2:
கடிகாரத்தின் பொறியமைப்பு இழந்த ஆற்றலை ஒவ்வோர் அலைவிலும் ஈடுசெய்கிறது, உங்கள் ஊசல்களுக்கு அது இல்லை. ஒரே திசையில் ஆடும் முறை தாங்கியை அசைத்து ஆற்றலை இழந்து அடங்கிவிட, தாங்கியை ஏறக்குறைய அசைக்காத எதிர்த்திசை முறை மட்டும் எஞ்சுகிறது. கலப்பதற்கு இன்னொரு முறை இல்லாதபோது விம்மலும் இல்லை.