ஸ்டென்ட் வைத்த பிறகு எனக்குப் புரியாமல் போனது: உங்களுக்கு எப்படி?

ஸ்டென்ட் வைத்து 3 ஆண்டு ஆனவர்:

எனக்கு மாரடைப்பு வந்தபோது வயது 51. ஆஞ்சியோ பார்த்து அன்றைக்கே ஸ்டென்ட் வைத்தார்கள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் வீட்டில் சொன்னது ஒன்றுதான்: "அடைப்பை எடுத்தாச்சு." நானும் அதையே நம்பினேன். குழாயில் கல் அடைத்திருந்தது, எடுத்துவிட்டார்கள், இனி தண்ணீர் ஓடும். என் மனதில் இருந்த படம் இவ்வளவுதான்.

மாரடைப்பு என்ற சொல்லுக்குள்ளேயே அடைப்பு இருக்கிறது. அடைப்பு போனால் நோயும் போயிற்று என்று ஒருவருக்குத் தோன்றுவது இயல்புதானே. உறைந்த இரத்தக் கட்டியை உறிஞ்சி எடுப்பது சில சமயம் உண்டு. ஆனால் குழாய்ச் சுவரில் பல வருடமாகச் சேர்ந்த கொழுப்புப் படிவை யாரும் வெளியே எடுப்பதில்லை. அதைச் சுவரோடு அழுத்தி ஒதுக்கிவிட்டு, வலை போன்ற சிறு உலோகக் குழலை விரித்து வழியைத் திறந்து வைக்கிறார்கள். படிவு அங்கேயேதான் இருக்கிறது. மற்றக் குழாய்களிலும் இருக்கலாம்.

இது எனக்குத் தெரிய எட்டு மாதம் ஆயிற்று. அதற்குள், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேடின் மாத்திரையை நானாகவே நிறுத்தியிருந்தேன். இரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பான எல்டிஎல் 62 என்று வந்திருந்தது. சரியாகிவிட்டதே, இனி எதற்கு மாத்திரை? காய்ச்சல் விட்டதும் மாத்திரையை விடுகிறோம் இல்லையா, அதே கணக்கு. அந்த 62 மாத்திரையால் வந்த 62 என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் 138.

அப்புறம்தான் ஒரு பிசியோதெரபிஸ்ட் என் ரிப்போர்ட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனாவால் இரண்டு வட்டம் போட்டு விளக்கினார். முடித்ததும், "வீட்டுக்குப் போய் உங்கள் மனைவியிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்? ஒருமுறை எனக்குச் சொல்லிக் காட்டுங்கள்" என்றார். "ஸ்டென்ட் கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "நான் சொன்ன விதம் சரியில்லை, திரும்ப வரைகிறேன்" என்று இன்னொரு வட்டம் போட்டார். கேட்டவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைக்கும் இந்த முறையை முதல் நாளே யாராவது செய்திருந்தால் எனக்கு எட்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

உங்களில் யாருக்கு எது, எப்போது புரிந்தது? எழுதுங்கள்.

நோயாளியின் மகள்:

ஐயா, உங்களுக்கு 62. எங்கள் வீட்டில் 55.

அப்பாவின் எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் இ.எஃப்., அதாவது இதயத்தின் பம்பிங் அளவு, 55% என்று இருந்தது. அதை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். நூற்றுக்கு 55, அதாவது பாதி இதயம் போய்விட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் மாடிப்படி ஏறுவதை நிறுத்தினார். பேத்தியைத் தூக்குவதை நிறுத்தினார். அவள் கையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தத் தாளை எட்டாக மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். மடிப்பு கிழிந்து எழுத்து போகும் வரை வைத்திருந்தார்.

நான்கு மாதம் கழித்து, மறுபரிசோதனைக்குப் போன இடத்தில் எக்கோ எடுத்த பெண் சாதாரணமாகச் சொன்னார்: "உங்களுக்கு பம்பிங் நார்மல் அப்பா." அவர் நம்பவில்லை, 55 என்றார். அந்தப் பெண் கையை முஷ்டியாக மூடித் திறந்து காட்டினார். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் உள்ளே இருக்கும் இரத்தம் முழுவதையும் தள்ளுவதே இல்லையாம். நல்ல இதயமே 50-லிருந்து 70 சதவீதம் வரைதான் தள்ளும், 100 என்பது யாருக்கும் கிடையாது என்றார்.

அப்பா வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். பிறகு கோபம் வந்தது, அந்த நான்கு மாதத்தை நினைத்து. எனக்கு இன்னும் அந்தக் கோபம் போகவில்லை. ஒரு வரி. அந்த ஒரு வரியை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

நடையை 5 நிமிடத்தில் ஆரம்பித்தார். எவ்வளவு வேகம் என்று கேட்டதற்கு, நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இந்த அளவுகோலை அவர் விடாமல் பிடித்துக்கொண்டார், ஏனென்றால் அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். வாரத்துக்கு 150 நிமிடம் என்ற கணக்கைத் தொட பத்து வாரம் ஆயிற்று. பேத்தியைத் தூக்கிய நாளை மட்டும் நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

புகையை விட்டவர்:

எனக்குப் புரியாமல் இல்லை. சிகரெட் கெடுதல் என்று தெரியாதவர் யார்? "விடலைன்னா செத்துப்போயிடுவீங்க" என்று மூன்று டாக்டர்கள் சொன்னார்கள். பயந்துபோய் சிகரெட்டை விட்டேன். பயம் ஆறு வாரம் இருந்தது. நெஞ்சுவலி மறந்ததும் பயமும் போயிற்று, சிகரெட் திரும்பி வந்தது.

ஆலோசகர் ஒருவர் வேறு மாதிரி கேட்டார். விட வேண்டும் என்ற எண்ணம் பத்துக்கு எத்தனை? நான் 4 என்றேன். ஏன் இவ்வளவு குறைவு என்று திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "ஏன் 2 இல்லை, 4?" என்றார். பதில் சொல்ல ஆரம்பித்தபோது காரணங்கள் என் வாயிலிருந்தே வந்தன. மகன் என் பக்கத்தில் உட்காருவதில்லை. படியேறும்போது நின்று நின்று போகிறேன். யாரும் எனக்கு அவற்றைச் சொல்லித் தரவில்லை. வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983-இல் எழுதத் தொடங்கிய முறை இது என்று பிறகு தெரிந்துகொண்டேன். மதுவை விட முடியாதவர்களுக்காகத் தொடங்கியதாம்.

அப்புறமும் இரண்டு முறை சறுக்கினேன். நிகோட்டின் சூயிங்கம் எழுதிக் கொடுத்தார்கள், அது உதவியது. மாரடைப்பு போன்ற இதயக் குழாய் நோய் வந்த பிறகு புகையை விடுபவர்களுக்குச் சாகும் அபாயம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2003-இல் சொல்லியிருக்கிறார்கள். முதலிலேயே இந்தப் பக்கத்தைக் காட்டியிருந்தால் என்று நினைப்பேன். எனக்குச் சொன்னதெல்லாம் சாவைப் பற்றி மட்டும்தான்.

இதயப் பிரிவுச் செவிலியர்:

எல்லாவற்றையும் படித்தேன். மகள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. நாங்கள் விட்டுவிடுவது அந்த ஒரு வரியைத்தான்.

டிஸ்சார்ஜ் நாளில் எனக்குக் கிடைப்பது பத்து நிமிடம். மாத்திரை ஏழெட்டு. நோயாளியின் கண் வாசலில் இருக்கும், வண்டி வந்துவிட்டதா என்று. அந்த நேரத்தில் "கவனமா இருங்க, உப்பைக் குறைங்க, லேசா நடங்க" என்றால் அவர் கையில் எதுவும் போய்ச் சேராது. குறை என்றால் எவ்வளவு? இப்போது ஸ்பூனை எடுத்துக் காட்டுகிறேன். தலைதட்டிய ஒரு டீஸ்பூன், சுமார் 5 கிராம், நாள் முழுவதற்கும் அதற்குள்தான். பாக்கெட் உணவில் இருப்பதும் அந்தக் கணக்கில் சேரும். இதயம் பலவீனமாகி நீர் கோக்கிறவர்களிடம், காலையில் சிறுநீர் கழித்த பிறகு தினமும் எடை பாருங்கள், மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் காத்திருக்காமல் கூப்பிடுங்கள் என்று எண்ணோடு சொல்கிறேன்.

ஒரு அம்மா. எந்தத் தாளைக் கொடுத்தாலும் "கண்ணாடி கொண்டு வரலைம்மா, வீட்டுல பாத்துக்கறேன்" என்பார். மூன்றாவது முறைதான் எனக்கு உறைத்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. அதைச் சொல்லக் கூச்சம். நான் ஒன்றும் கேட்கவில்லை. மாத்திரை அட்டைகளில் சூரியனும் நிலாவும் வரைந்து, அவர் கையாலேயே எடுத்துப் பிரித்து வைக்கச் சொன்னேன். ஒரு தப்பும் செய்யவில்லை. இத்தனை நாள் அவரைச் "சொன்ன பேச்சு கேட்காதவர்" என்று எங்கள் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தோம்.

இன்னொன்று, இதைப் படிக்கிற எல்லோருக்கும். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இரத்தம் உறையாமலிருக்கப் பெரும்பாலும் இரண்டு மாத்திரைகள் தருவார்கள், ஆஸ்பிரினும் அதோடு இன்னொன்றும். பல் பிடுங்கப் போகிறேன் என்று இரண்டையும் தானாக நிறுத்திவிட்டு, ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்து திரும்பி வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். நிறுத்துவதற்கு முன் ஒரு போன் செய்யுங்கள். தயவுசெய்து.

நோயாளியின் மனைவி:

என் வீட்டுக்காரர் "எங்கப்பா 49-ல போனார், எனக்கும் அதுதான் எழுதியிருக்கு" என்பார். பரம்பரை என்று சொல்லிவிட்டால் எதையும் மாற்ற வேண்டியதில்லை. நானோ காவல் காத்தேன். உப்பு டப்பாவை ஒளித்து வைத்தேன். அவர் வெளியே ஒளிந்து சாப்பிட்டார். வீட்டில் பேச்சே நின்றுபோனது.

52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-இல் வெளிவந்தது. முதல் மாரடைப்புக்கான அபாயத்தில் சுமார் 90 சதவீதத்தை ஒன்பது காரணங்களோடு பொருத்திவிடலாம் என்றும், புகை, கொழுப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம் எல்லாம் அதில் வரும் என்றும் ஒரு கூட்டத்தில் விளக்கினார்கள். அவர் திரும்பி வரும்போது வழியெல்லாம் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, "அப்பா ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட் பிடிப்பார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் உப்பு டப்பாவை நான் பழைய இடத்திலேயே வைத்தேன்.

ஸ்டென்ட் வைத்து 3 ஆண்டு ஆனவர்:

எல்லோருக்கும் நன்றி. செவிலியர் சகோதரி, அந்த அம்மாவைப் பற்றி எழுதியதை என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். என் அம்மாவும் கண்ணாடி இல்லை என்றுதான் சொல்வார். இத்தனை வருடம் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் எனக்கு மறுபரிசோதனை. போனால் எல்லாம் மறந்துவிடும் என்பதால் கேள்விகளை இப்போதே எழுதி வைத்துவிட்டேன். எல்டிஎல் எனக்கு எவ்வளவுக்குள் இருக்க வேண்டும்? இந்த எட்டு மாத்திரையில் எது எதற்கு? எதை என்றைக்கு நிறுத்துவோம், அதை யார் சொல்வார்கள்?