மெத்தனால் சாறு: ஜிசி-எம்எஸ்ஸில் ஃபிளேவனாய்டு ஒன்றுகூட வரவில்லை, ஏன்?

சருகு:
இலையை மெத்தனாலில் ஊறவைத்து எடுத்த சாற்றை ஜிசி-எம்எஸ்ஸில் (ஆவியாக்கிப் பிரித்து, நிறை பார்த்து அடையாளம் காணும் கருவி) ஓட்டினேன். கொழுப்பு அமிலங்கள், ஃபைட்டால், அப்புறம் வாயில் நுழையாத பெயரோடு மூன்று சிலாக்சேன்கள் (சிலிக்கான் சேர்மங்கள்). ஃபிளேவனாய்டு (தாவரப் பாலிஃபீனால் வகை) மட்டும் இல்லை. ஆனால் டிஎல்சி தகட்டில் (மெல்லிய படலத்தில் சேர்மங்களைப் பிரிக்கும் தகடு) என்பி ரியேஜென்ட் (ஃபிளேவனாய்டை ஒளிரவைக்கும் கரைசல்) தெளித்து யுவி விளக்கில் பார்த்தால் ஆரஞ்சுப் பட்டை பளிச்சென்று தெரிகிறது. சாறு எடுத்ததில் கோளாறா?

பழைய பம்பு:
சாற்றில் கோளாறில்லை. ஜிசிக்குள் ஆவியாகிற சரக்குதான் போகும். சர்க்கரை ஒட்டிய ஃபிளேவனாய்டு ஆவியாவதற்குள் சிதைந்துவிடும். சர்க்கரை இல்லாததைக்கூட சிலைல் தொகுதி ஏற்றி, எளிதில் ஆவியாகும்படி மாற்றித்தான் அனுப்புவார்கள்.

அந்தச் சிலாக்சேன்களின் ஸ்பெக்ட்ரத்தை (உடைந்த துண்டுகளின் நிறைப் படம்) திறந்து பாருங்கள். நிறை 207, 281 நிமிர்ந்து நின்றால் அது இலையிலிருந்து வந்ததே இல்லை. கருவிக் குழாயின் உள்பூச்சோ செப்டமோ (ஊசி நுழையும் ரப்பர் மூடி) உதிர்கிறது. வேறு பீக்கில் (வரைபடத்தில் எழும் முகடு) 149 தலைதூக்கினால் பெரும்பாலும் பிளாஸ்டிக்கிலிருந்து வந்த தாலேட் (பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்ப்பது). நானே முதல் வருடம் ஒரு சிலாக்சேனைப் புதுச் சேர்மம் என்று குழுவில் படம் போட்டுக் காட்டியவன். நெறியாளர் திட்டவில்லை. "வெறும் மெத்தனாலை ஒருதரம் செலுத்திப் பார்" என்றார். அதே நிமிடத்தில் அதே பீக்!

அதற்காக ஜிசியை ஒதுக்க வேண்டாம். 70 எலக்ட்ரான் வோல்ட்டில் உடைப்பதால் எந்தக் கருவியிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி துண்டுகள்தான் வரும், லைப்ரரியோடு (தெரிந்த சேர்மங்களின் ஸ்பெக்ட்ரத் தொகுப்பு) ஒப்பிடலாம். வாசனை எண்ணெய்க்கு அதை விட்டால் வேறில்லை.

இழப்பு162:
உங்களுக்கு வேண்டியது எல்சி-எம்எஸ் (திரவத்தில் பிரித்து நிறை பார்ப்பது), எலெக்ட்ரோஸ்பிரே (கரைசலைத் தெளித்து அயனியாக்குவது), நெகட்டிவ் மோட் (எதிர்மின் அயனிகளைப் பார்ப்பது). ரூட்டின் (குவர்செட்டின் என்ற ஃபிளேவனாய்டோடு இரண்டு சர்க்கரை ஒட்டியது) இருந்தால் நிறை 609-இல் தெரியும். உடைத்தால் சர்க்கரைகளின் 308 கழன்று குவர்செட்டினின் 301 நிற்கும் (ராம்னோஸ் 146, குளுக்கோஸ் 162). ஆனால் சில நேரம் அயனி மூலத்திலேயே உடைந்துவிடும். 609-உம் 301-உம் ஒரே நிமிடத்தில் எழும்பினால் அந்த 301-ஐத் தனிக் குவர்செட்டின் என்று எழுதிவிடாதீர்கள்.

கியூ-டாஃப் (நிறையை மிகத் துல்லியமாக அளக்கும் கருவி) கிடைத்தால் மூலக்கூறு வாய்பாடு கிடைக்கும், பெயர் கிடைக்காது. கேம்ஃபெரால், லூட்டியோலின் என்ற ஃபிளேவனாய்டுகள் இரண்டுமே C15H10O6. ஸ்டாண்டர்டு (தெரிந்த தூய சேர்மம்) ஓட்டி, வெளிவரும் நேரத்தை ஒப்பிட்டே தீர வேண்டும். அளவு மட்டும் தெரிந்தால் போதும் என்றால் டிரிப்பிள் குவாட் (அளவிடுவதற்கு ஏற்ற இன்னொரு வகை எம்எஸ்).

சருகு:
பிளாங்க் (சாறு இல்லாத வெறும் மெத்தனால்) ஓட்டினேன். மூன்று சிலாக்சேனும் அதிலேயே இருக்கின்றன, பட்டியலில் அடித்துவிட்டேன். எல்சிக்கு 0.22 மைக்ரான் நைலான் வடிகட்டி சரிதானே?

பழைய பம்பு:
நைலான் வேண்டாம், பாலிஃபீனாலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடிஎஃப்இ (டெஃப்லான்) வடிகட்டி வாங்குங்கள். அதிலும் முதலில் வெறும் மெத்தனாலை விட்டு, அந்தத் துளிகளையும் பிளாங்காகப் போடுங்கள்.