மின்சார ரயிலில் கரன்ட் மிச்சம்: டிரைவர் கையிலா, டைம்டேபிளிலா?

பல்லாவரத்தான்:
கடற்கரை–தாம்பரம் வண்டிகளில் ஸ்டேஷன் வருவதற்கு வெகு முன்பே மோட்டாரை நிறுத்திவிட்டு வண்டியை உருளவிடுகிறார்கள். கேட்டால் ‘கோஸ்டிங்’, மின்சாரம் மிச்சம் என்கிறார்கள். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை (ஐ.சி.எஃப்.) கட்டும் மூன்று பேஸ் ஏ.சி. மோட்டார் வண்டிகளில் பிரேக் பிடிக்கும்போதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி மேல்கம்பிக்கு மின்சாரத்தைத் திருப்பித் தருகிறதே, அப்புறம் எதற்கு இந்த ஊர்தல்? ஆபீஸ் போகிறவன் நேரத்தைப் பிடுங்கித்தான் ரயில்வே கரன்ட் பில்லைக் குறைக்க வேண்டுமா?

ஓய்வுபெற்ற மோட்டார்மேன்:
திரும்பி வருவது முழுசாக வராது சார். டிரான்ஸ்ஃபார்மர், கன்வெர்ட்டர், மோட்டார் என்று போகும்போதும் நஷ்டம், வரும்போதும் நஷ்டம். எடுக்காத யூனிட்டில் நஷ்டமே கிடையாது. பழைய டி.சி. மோட்டார் வண்டிகளிலோ அத்தனையும் பிரேக் கட்டையில் சூடாகப் போய்விடும். வேகம் ஏற ஏற ஆற்றல் அதன் வர்க்கத்தில் ஏறும். 80 கி.மீ. வேகத்துக்குப் பதில் 70-லேயே மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் கைப்பிடியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால், வண்டிக்கு ஏற்ற வேண்டிய இயக்க ஆற்றல் சுமார் 23 சதவீதம் குறையும். இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் அதனால் கூடுதலாகும் நேரம் பத்து விநாடிக்குள்தான்.

பல்லாவரத்தான்:
பத்து ஸ்டேஷனுக்கு ஒன்றரை நிமிஷம் ஆச்சே! காலை எட்டரைக்கு மாம்பலத்தில் கூட்டம் ஏறி முடிப்பதற்குள்ளேயே அந்த ஒன்றரை நிமிஷம் கரைந்துவிடும். விட்ட நேரத்தைப் பிடிக்க டிரைவருக்கு இருப்பது வேகம் ஒன்றுதான், அதையும் கேட்கிறீர்கள்.

சப்ஸ்டேஷன்காரன்:
ரெண்டு பேருமே டிரைவரைச் சுற்றியே பேசுறீங்க. சரக்கு வண்டியைப் பாருங்க: 58 வேகன் நிலக்கரி வண்டி, மொத்தம் 5,300 டன்னுக்குப் பக்கம். 60 கி.மீ. வேகத்தில் வருவதைச் சிவப்பில் நிறுத்தி மறுபடி அதே வேகத்துக்கு எழுப்ப, இயக்க ஆற்றல் மட்டுமே ஏறத்தாழ 200 யூனிட், சின்ன வீட்டின் இரண்டு மாசச் செலவு. பக்கத்து செக்‌ஷனில் வண்டிகள் ஒரே நேரத்தில் கிளம்பினால் டிமாண்ட், அதாவது ஒரே சமயத்தில் இழுக்கும் மின்சார அளவு, வேறு எகிறும். யூனிட்டுக்குத் தனி, அதிகபட்ச டிமாண்டுக்குத் தனி என்று கட்டுகிறோம். வண்டிப் போக்குவரத்தை நடத்தும் கன்ட்ரோல் அறையில் வண்டிகளை ஒழுங்காக வரிசைப்படுத்துவதில் கிடைக்கும் மிச்சம் கைப்பிடியில் கிடைக்காது. எல்.எச்.பி. என்ற புது வகை எக்ஸ்பிரஸ் பெட்டித் தொடர்களில், விளக்குக்கும் ஏ.சி.க்கும் டீசல் ஜெனரேட்டர் பெட்டிக்குப் பதில் என்ஜின் வழியாகவே மின்சாரம் கொடுத்ததுகூட யாரையும் ஒரு விநாடி காக்க வைக்கவில்லையே.

ஓய்வுபெற்ற மோட்டார்மேன்:
சரிதான் தம்பி, ஆனால் கன்ட்ரோல் பிசகும்போது சமாளிப்பவன் யார்? மஞ்சளைப் பார்த்ததும் உருளவிட்டு வந்தால் போவதற்குள் சிவப்பு மாறிவிடும், நிற்காமலே தாண்டலாம். பச்சை வரும் என்று நம்பி முடுக்கிக்கொண்டே வருபவன்தான் உங்கள் 200 யூனிட்டை எரிப்பான்.

பல்லாவரத்தான்:
அப்படியானால் அந்த விநாடிகளை டைம்டேபிளிலேயே எழுதுங்கள். கூட்ட நேரத்தில் முழு வேகம், பதினொன்றிலிருந்து மூன்று வரை ஊர்தல். அதற்கு நான் தடை சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற மோட்டார்மேன்:
இதற்கு நான் ஒப்பமாட்டேன் சார். கூட்ட நேரத்து வண்டிதான் கனம், அடுத்தடுத்து ஓடுவதும் அப்போதுதான். காலையையும் மாலையையும் விட்டுவிட்டால் மதியத்தில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது? காலை வண்டிக்கும் ஓட்ட நேரத்தில் ஒரு நிமிஷம் கூட்டிப் போடட்டும், அதைத்தான் கேட்கிறேன்.