ஆப்பிளுக்குள்ளேயே முளைத்த விதை: தொட்டியில் வைத்தால் காய்க்குமா?

மாடித்தோட்டம்_மதுரை:
நேற்று பிள்ளைக்கு ஆப்பிள் நறுக்கும்போது பார்த்தால் உள்ளே ஒரு விதை வெள்ளையாக வேர் விட்டிருக்கிறது. பழம் கெடவில்லை, நன்றாகத்தான் இருந்தது. ஈரத்துணியில் சுற்றி வைத்தேன், இன்று அரை விரல் நீளம். மதுரை வெயிலில் இது மரமாகுமா? அதே சிவப்பு ஆப்பிள் காய்க்குமா? வீட்டில் சிரிக்கிறார்கள்.

ஒட்டுக்கன்று:
பழத்தைத் தாராளமாகச் சாப்பிடலாம். குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்ததால் பனிக்காலம் முடிந்துவிட்டதென்று விதை நினைத்துக்கொண்டது, அவ்வளவுதான். செடி வரும், ஆனால் அதே பழம் வராது. மல்கோவா கொட்டையைப் போட்டால் மல்கோவா வருமா? அதே கதைதான். அப்புறம், பெரும்பாலான ரகங்கள் ஒழுங்காகப் பூக்க 7 டிகிரிக்குக் கீழே ஆயிரம் மணி நேரம் போலக் குளிர் வேண்டும். மதுரையில் எங்கே போவது! அன்னா, எச்ஆர்எம்என்-99 மாதிரி குறைந்த குளிர் போதுமான ரகங்களின் ஒட்டுக்கன்று வாங்கிப் பாருங்கள், அதற்கும் நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

சிம்லா_ரிட்டர்ன்:
சிரிக்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். ரெட் டெலிஷியஸ் என்ற சிவப்பு ஆப்பிள் ரகமே அமெரிக்காவின் அயோவாவில் ஒரு விவசாயியின் தோட்டத்தில் தானாக முளைத்த செடி. அவர் வெட்டிப் போட்டும் அது மறுபடி துளிர்த்ததாகச் சொல்வார்கள். அந்த ரகத்தைத்தான் சாமுவேல் ஸ்டோக்ஸ் கொண்டுவந்து இமாசலத்தின் கோட்கரில் நட்டார், 1916 வாக்கில். அமெரிக்கராக வந்து சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போய், சத்யானந்த் ஆனவர். கிரானி ஸ்மித் என்ற புளிப்பான பச்சை ஆப்பிளும் அப்படித்தான், சிட்னி பக்கம் 1868 வாக்கில் மரியா ஆன் ஸ்மித் என்ற பாட்டியின் தோட்டத்தில் தற்செயலாக முளைத்தது. இன்று கடையில் இருக்கும் ஒவ்வொரு கிரானி ஸ்மித்தும் அந்த ஒரே மரத்திலிருந்து ஒட்டுக்கு மேல் ஒட்டாக வந்தது. ஆனால் இப்படி ஒன்று தேறினால் ஆயிரம் புளித்துப் போகும்.

நியூஜெர்சி_அக்கா:
புளித்தால் என்ன தம்பி? இங்கே நல்ல மாங்காய் கிடைக்காத நாளில் கிரானி ஸ்மித்தைத்தான் தோலோடு பொடியாக நறுக்கி, உப்பு, மிளகாய்த்தூள், வெந்தயப்பொடி போட்டு, நல்லெண்ணெயில் கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டுவேன். தயிர்சாதத்துக்கு அன்றைக்கே தொட்டுக்கொள்ளலாம். சிவப்பு ஆப்பிளில் செய்யாதீர்கள், இனித்து வழியும்.

மாடித்தோட்டம்_மதுரை:
சரி அக்கா, ஊறுகாய் இந்த ஞாயிற்றுக்கிழமை. விதையையும் தொட்டியில் வைத்துவிட்டேன், இரண்டு இலை விட்டால் படம் போடுகிறேன்.