உப்புவெளியில் சிறு விடுதியும் சாப்பாட்டுக் கடையும்: சுற்றாடலுக்கு இசைவாக மாற எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: உப்புவெளி வளவு

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் கடற்கரையை ஒட்டிய வளவொன்றில் ஆறு அறைகள் கொண்ட விடுதியையும், வீதிப் பக்கமாக ஒரு சாப்பாட்டுக் கடையையும் நானும் கணவரும் நடத்தி வருகிறோம். எங்கள் வீடும் அதே வளவிற்குள் இருப்பதால், வீட்டுக்கும் தொழிலுக்கும் ஒரே கிணறு, ஒரே கழிவுக்குழி, ஒரே குப்பை மூலைதான்.

வரும் பருவத்துக்கு முன்னர் சில மாற்றங்களைச் செய்ய எண்ணியுள்ளோம். பார்சல் சாப்பாட்டுக்கு மக்கும் தாள் என்று சொல்லி விற்பனையாளர் ஒருவர் கூடிய விலைக்கு ஒரு பொருளைக் காட்டுகிறார். கூரையில் சொலர் போடுவதே முதல் வேலை என்கிறார் இன்னொருவர். விருந்தினர்களோ தண்ணீர்ப் போத்தல்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வாசலில் பச்சைப் பலகையை மாட்டிவிட்டு உள்ளே பழையபடி நடப்பதில் எங்களுக்கு விருப்பமில்லை. கையிலுள்ள பணம் எல்லாவற்றுக்கும் போதாது என்பதால், எதை முதலில் செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: நிலாவெளி நீர்க்காரர்

வணக்கம் தங்கச்சி. நீர் வழங்கல் துறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்பதால் நான் தண்ணீரைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் பழக்கதோஷத்தால் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. நமது மாவட்டத்தில் மழை பெரும்பாலும் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை பெய்து தீர்ந்துவிடுகிறது. உல்லாசப் பயணிகள் வருவதோ மே முதல் செப்டெம்பர் வரை, கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசி நிலம் காய்ந்து கிடக்கும் மாதங்களில். அதாவது, கிணற்றில் தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும் காலத்தில்தான் உங்கள் ஆறு அறைகளும் நிரம்பியிருக்கும்.

கரையோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு படலமாக மிதக்கிறது. இரண்டின் அடர்த்தியையும் வைத்துக் கணக்கிட்டால், கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு அடி நின்றால் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுவான விதி. இதே கணக்குத் தலைகீழாகவும் வேலை செய்யும் என்பதுதான் கவலைக்குரியது: மேல்மட்டம் சிறிது இறங்கினாலும் அடியிலுள்ள உப்பு பல மடங்கு உயரத்துக்கு ஏறி வரும். பெரிய மோட்டாரைப் போட்டு ஒரே மூச்சில் தாங்கியை நிரப்புகிறவர்களின் கிணறு முதலில் சவர் தட்டுவதற்குக் காரணம் இதுதான். சிறிய மோட்டாரால், இடைவெளி விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள்.

மழைநீரைத் தாங்கியில் சேமிக்கும்படி பலரும் சொல்வார்கள். 100 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால், சேதாரம் போக ஏறத்தாழ 800 லீற்றர் கிடைக்கும்; குடிக்கவும் சமைக்கவும் அது அருமையான தண்ணீர். ஆனால் ஜனவரியில் நிரப்பிய தாங்கியை வைத்து ஓகஸ்ட்டில் விடுதி நடத்த முடியாது. ஆகவே தாங்கி நிரம்பிய பின் வழிகிற நீரை வீதி வடிகாலுக்கு விடாமல், கல்லும் மணலும் நிரப்பிய குழிக்குள் இறக்கி நிலத்துக்குக் கொடுப்பதே நம் மண்ணுக்குப் பொருத்தமானது. முதல் மழையில் வரும் கூரை அழுக்கை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள்.

கழிவுக்குழி கிணற்றிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்பதை இன்றைக்கே அளந்து பாருங்கள். ஐம்பது அடிக்குக் குறைவாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும், ஏனெனில் மணல் தண்ணீரை விரைவாகக் கடத்துமே தவிர அதை அதிகம் சுத்திகரிக்காது. அடிப்பாகம் பூசப்படாத குழியென்றால் இன்னும் மோசம். குளியலறை நீரும், எண்ணெய் பிரிக்கும் தொட்டியைத் தாண்டிய சமையலறை நீரும் வாழைக்கும் தென்னைக்கும் போகட்டும். மலக்குழியில் அவற்றைச் சேர்க்க வேண்டாம்.

பதில்: கோணமலைச் சமையல்

தாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன் அக்கா. லஞ்ச் சீட் எனும் பொலித்தீன் தாளும் ரெஜிபோம் எனும் நுரைப்பெட்டியும் 2017 செப்டெம்பரிலேயே தடைசெய்யப்பட்டவை. பிளாஸ்ரிக் உறிஞ்சு குழாய், கரண்டி, தட்டு, இடியப்பத் தட்டு ஆகியவை 2023 ஒக்டோபரில் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. உங்களிடம் காட்டப்படும் மக்கும் தாள் சோள மாப்பொருளிலிருந்து செய்யப்படும் வகையாக இருந்தால், அது மக்குவதற்குத் தொழிற்சாலை முறையிலான கூட்டெருக் குவியலின் வெப்பம், ஏறத்தாழ 60 பாகை, தொடர்ந்து பல நாட்கள் வேண்டும். வளவு மூலையிலோ கடலிலோ அது பொலித்தீனைப் போலவே நெடுங்காலம் கிடக்கும். சோற்று வாசனைக்காகத் திருகோணமலை நகரத்து மான்கள் தாளை மெல்லுவதைக் கோட்டைப் பக்கம் போனவர்கள் எல்லோரும் கண்டிருப்பார்கள். அவை விலைச்சீட்டைப் பார்த்து மெல்லுவதில்லை.

எங்கள் கடையில் சொந்தப் பாத்திரம் கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு கரண்டி கறி கூடுதலாகப் போடுகிறோம். விலைக்கழிவை விட இது நன்றாக எடுபடுகிறது. வழக்கமான அலுவலக வாடிக்கையாளர்களுக்கு முற்பணம் வாங்கிக்கொண்டு எவர்சில்வர் அடுக்குகளைக் கொடுத்திருக்கிறோம். மற்றவர்களுக்கு வாட்டிய வாழையிலை. கச்சான் காலத்தில் இலை கிழிந்து விலையும் ஏறிவிடுவதால், அப்போது பார்சலைக் குறைத்து, இருந்து சாப்பிடுகிறவர்களுக்குச் சலுகை கொடுப்போம். இலையைச் சுற்றப் பழைய பத்திரிகையைப் பயன்படுத்த வேண்டாம். அச்சு மை சாப்பாட்டில் படக் கூடாது.

இடியப்பத்துக்குப் பனை ஈர்க்கில் பின்னிய தட்டுகள் போதும். ஆனால் மாரி காலத்தில் அவை காயாமல் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், இரண்டு தொகுதிகளை வைத்து மாற்றி மாற்றிப் பாவிக்க வேண்டும். ஈர்க்குகளின் இடுக்கில் மா காய்ந்துவிட்டால் பிறகு கழுவுவது பெரும்பாடு; இடியப்பத்தை எடுத்த கையோடு தண்ணீரில் போட்டுவிட்டால் தும்புத் தூரிகையின் இரண்டு இழுப்பில் போய்விடும்.

மீண்டும்: உப்புவெளி வளவு

இருவருக்கும் நன்றி. கயிறு பிடித்து அளந்து பார்த்தோம். குழி ஐம்பது அடியைத் தாண்டி இருப்பதால் நிம்மதி. மின்சாரத்தைப் பற்றி யாராவது சொல்ல முடியுமா? ஆறு அறைகளில் நான்கில் பழைய ஏசி இயந்திரங்கள் இருக்கின்றன. சொலர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள்.

பதில்: குளிரூட்டித் திருத்துநர்

சொலர் நல்லதுதான், ஆனால் ஓட்டைப் பானைக்குத் தண்ணீர் வார்ப்பது போல ஆகிவிடக் கூடாது. பழைய இயந்திரங்களுக்கும் மூடாத கதவுகளுக்கும் ஏற்ற அளவில் பலகைகளை வாங்குவதென்றால் தேவைக்கு மேல் செலவழிப்பீர்கள். முதலில் மேற்குச் சுவருக்கு வெளியே கிடுகுத் தட்டியோ கொடிப் பந்தலோ அமைத்துப் பிற்பகல் வெயிலை மறையுங்கள். கதவின் கீழ் இடைவெளியை அடைத்துவிடுங்கள். வெப்பநிலையை 26இல் வைத்து மின்விசிறியையும் மெதுவாகச் சுழல விட்டால் விருந்தினர்கள் குறைசொல்வதில்லை. கடற்காற்றின் உப்பு, வெளியே பொருத்திய இயந்திரத்தின் தகடுகளை அரித்து மின்செலவைக் கூட்டுவதால், அதைக் கிரமமாக நன்னீரால் கழுவ வேண்டும்.

அதிகம் பேசப்படாத விடயம் ஒன்றுண்டு. பழைய ஏசிகளில் இருப்பது பெரும்பாலும் ஆர்-22 அல்லது ஆர்-410ஏ வாயு. இவற்றில் ஒரு கிலோ காற்றில் கலந்தால், ஏறத்தாழ 1,800 முதல் 2,100 கிலோ வரையான காபனீரொட்சைட்டு கலந்தது போன்ற புவிவெப்ப விளைவு உண்டாகும். புதிய இயந்திரங்களில் வரும் ஆர்-32 வாயுவுக்கு அது ஏறத்தாழ 675. கசிவை அடைக்காமல் ஒவ்வொரு பருவத்திலும் வாயுவை நிரப்பிக்கொண்டே இருப்பதைப் போன்ற தீங்கு வேறில்லை. பொலித்தீன் போலக் கண்ணுக்குத் தெரியாததால் யாரும் கேட்பதுமில்லை. இயந்திரத்தைக் கழற்றும்போது வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் கலனில் மீட்டெடுக்கும் திருத்துநரையே அழையுங்கள். நான்கையும் ஒன்றாக மாற்ற வேண்டாம். பழுதாகும் வரிசையில், தேவைக்கேற்ப வேகத்தை மாற்றி மின்சாரத்தை மிச்சப்படுத்தும் இன்வேட்டர் வகைக்கு மாறுங்கள்.

அதன் பிறகு ஓராண்டு மின்பட்டியலைப் பார்த்துச் சொலரின் அளவைத் தீர்மானியுங்கள். உங்கள் பருவம் வெயில் மாதங்களிலேயே வருவது இதில் வாய்ப்பானது. பகலில் உற்பத்தியாகி மிஞ்சும் அலகுகளைப் பொது மின்வலையமைப்புக்குக் கொடுத்து இரவுப் பாவனையோடு கழித்துக்கொள்ளும் முறை 2010இலிருந்து நாட்டில் இருக்கிறது. தற்போதைய விதிகளை உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சொலர் பலகைகளைப் பொருத்தும் ஆணிகள் துருப்பிடிக்காத உருக்காக இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

பதில்: கன்னியாத் தோட்டம்

போத்தலுக்கும் குப்பை மூலைக்கும் யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் சுருக்கமாக. ஒவ்வொரு அறையிலும் மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில், வடிகட்டிக் கொதிக்க வைத்த தண்ணீரை நாள்தோறும் வைத்தால் போதும். எப்போது நிரப்பியது என்று கழுத்தில் ஒரு அட்டை தொங்கினால் விருந்தினர் தயங்க மாட்டார்கள்.

கூட்டெரு நாறுகிறதென்றால் ஈரம் கூடிவிட்டது என்று பொருள். ஒரு வாளி மரக்கறிக் கழிவுக்கு இரண்டு மூன்று வாளி காய்ந்த சருகோ தென்னந்தும்பின் தூளோ போட்டு மூடி, இடைக்கிடை புரட்டுங்கள். மாரியில் மேலே கூரை வேண்டும். மிஞ்சும் சோற்றைப் பன்றியோ கோழியோ வளர்ப்பவர் யாருக்காவது ஒழுங்காகக் கொடுத்துவிடலாம். மீன் கழிவை மட்டும் குவியலில் சேர்க்காமல், கிணற்றுக்கு எதிர்ப்பக்கமாகத் தென்னையடியில் இரண்டடி ஆழத்தில் புதைத்து மேலே பாரமான கல்லொன்றை வைத்துவிடுங்கள், நாய் தோண்டாது.