செக் நாட்டின் ஓஸ்ட்ராவா நகரக் கிறிஸ்துமஸ் சந்தை: மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

நோஷோவிட்சே வாசி

மசரிக் சதுக்கத்துச் சந்தை எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் 5, மிகுலாஷ் சாயங்காலம், அதாவது புனித நிக்கோலஸ் வேடம் போட்டவர் பிள்ளைகளைப் பார்க்க வரும் நாள். மனைவியும் ஆறு வயது மகளும் கூட வந்திருந்தார்கள். பிஷப் தொப்பியோடு மிகுலாஷ், வெள்ளை இறக்கையோடு தேவதை, அவர்களுக்குப் பின்னால் சங்கிலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு செர்ட், அதாவது பிசாசு. முகமெல்லாம் கரி, தலையில் கொம்பு, உள்பக்கம் வெளியே தெரியும்படி போட்ட ஆட்டுத்தோல் கோட்டு. பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடினார்கள். என் மகள் மட்டும் ஓடவில்லை.

பாட்டோ கவிதையோ சொன்னால்தான் விடுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். பள்ளியில் சொல்லிக்கொடுத்த செக் பாட்டு அந்த நேரத்தில் வரவில்லை. அம்மா சொல்லிக்கொடுத்த தமிழ்ப் பாட்டு ஒன்றைக் கடகடவென்று பாடிவிட்டாள். செர்ட் வேடம் போட்டவர் சங்கிலியைக் கீழே விட்டார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்டார். அப்புறம் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு நிலக்கரித் துண்டை எடுத்தார். கையுறையைக் கழற்றினார். கரியின் தூசியைத் தன் கோட்டில் துடைத்தார். அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மூடினார். அவருடைய விரல் முட்டிகளில் தோலுக்கு அடியில் நீலநீலமாகப் புள்ளிகள். பச்சை குத்தியிருக்கிறாரா என்று மனைவி என்னிடம் கேட்டாள். மறுநாள் வேலையிடத்தில்தான் சொன்னார்கள், சுரங்கத்தில் அடிபட்ட காயத்துக்குள் கரித்தூள் புகுந்து ஆறிவிட்டால் அந்த நீலம் சாகும்வரை போகாதாம்.

மகள் அன்றிரவு அழுதாள். கெட்ட பிள்ளைகளுக்குத்தான் கரி கொடுப்பார்கள் என்று வகுப்பில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மிகுலாஷ் கொடுத்த ஆரஞ்சைத் தொடவே இல்லை. தண்டனையாகக் கொடுப்பவர் தூசி துடைத்தா கொடுப்பார்? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பொறியியல் மாணவி

நான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். எனக்கு மறக்காதது கிறிஸ்துமஸ் விருந்துக்கு வாங்கும் கெண்டை மீன்.

20ஆம் தேதிவாக்கில் தெருவோரத்தில் பெரிய நீலத் தொட்டிகளை வைத்துவிடுவார்கள் இல்லையா? ரப்பர் ஏப்ரன் போட்ட ஆள் வலையால் அள்ளி, தராசில் போட்டு, உயிரோடு வேண்டுமா வெட்டித் தரவா என்று கேட்பார். எனக்கு முன்னால் நின்ற பாட்டி உயிரோடு வாங்கினார். கூட ஒரு பேரன். அதே டிராமில் நானும் ஏறினேன். பையன் அந்தப் பையை மடியில் வைத்திருந்தான். பை துள்ளும்போதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து அதனிடம் ஏதோ பேசிக்கொண்டே வந்தான். பெயர் கூட வைத்துவிட்டான், திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். டிராமில் ஒருவரும் பேசவில்லை. பாட்டி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் குளியல் தொட்டியில் விடுவார்கள், 24ஆம் தேதி பொரித்து உருளைக்கிழங்கு சாலட்டோடு வைப்பார்கள், தலையிலும் சினையிலும் சூப். எல்லாம் தெரியும். நானும் மீன் சாப்பிடுகிறவள்தான். ஆனால் அந்தப் பாட்டிக்கு அந்தப் பத்து நிமிடம் எப்படிப் போயிருக்கும்?

தெற்குத்தெரு

நோஷோவிட்சே அண்ணா, மன்னிக்கவும், நீங்கள் அதிகமாக யோசிக்கிறீர்கள். செர்ட் கரி கொடுப்பது இந்த நாடு முழுக்க இருக்கிற வழக்கம். சில இடங்களில் உருளைக்கிழங்கு கொடுப்பார்கள். அவர் கை சுத்தமாக இருக்கட்டும் என்று துடைத்திருப்பார், அவ்வளவுதான்.

என் அனுபவம் சின்னது. புதிய நகர்மன்றக் கோபுரத்தில் ஏறினேன். மொத்த உயரம் 85.6 மீட்டர், பார்வை மேடை அதற்குக் கொஞ்சம் கீழே. இருட்டியதும் மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் சந்தை வெளிச்சம், இன்னொரு பக்கம் வீட்கோவிட்சே இரும்பாலையின் பழைய ஊது உலைகள். 1836இல் ஆஸ்திரியப் பேரரசிலேயே முதன்முதலாகக் கற்கரியால் (கோக்) எரிந்த உலை அங்கேதான் இருந்தது. 1998இல் கடைசியாக இரும்பு வடித்தார்கள். இரண்டையும் ஒரே பார்வையில் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. இந்த ஊருக்கு வருகிறவர்கள் சந்தையை மட்டும் பார்த்துவிட்டுப் போவது எனக்குத் தாங்கவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்குச் சிலது சொல்லிவிடுகிறேன். திர்தெல்னீக் என்ற இனிப்பு மாவுச் சுருள் வாங்க வரிசையில் நிற்காதீர்கள். பிராகில் சுற்றுலாப் பயணிகளுக்காகப் பரவியது அது. அதற்கு முறையாகப் பாத்தியதை கொண்டாடும் ஊர் ஸ்லோவாக்கியாவில் உள்ள ஸ்காலிட்சா. சூடாகப் பிரம்போராக் வாங்கிச் சாப்பிடுங்கள், உருளைக்கிழங்கு, பூண்டு, மருவு போட்டுச் சுட்டது, நம் நாக்குக்கு உடனே ஒட்டும். சைவம் என்றால் மாவில் இறைச்சி கலந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சில கடைகளில் கலப்பார்கள். கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் காசு திரும்ப வரும். சில்லறைக் கொருனா கையில் இருக்கட்டும். ஒரே ஒரு ஸ்வர்ஷாக் (சூடான மசாலா ஒயின்) குடித்தாலும் காரைத் தொடாதீர்கள், இங்கே ஓட்டுநர் இரத்தத்தில் துளி மதுவும் இருக்கக் கூடாது. குளிர் காலில்தான் முதலில் ஏறும். கற்பாவிய தரையில் ஒரு மணி நேரம் நின்றால் எவ்வளவு நல்ல கோட்டும் காப்பாற்றாது, தடித்த அடிப்பாகம் உள்ள பூட்ஸும் கம்பளிச் சாக்ஸும் வேண்டும். காற்று அசையாத நாட்களில் இந்தப் பள்ளத்தாக்கில் புகை கீழேயே தங்கிவிடும். மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள், வயதான அம்மா அப்பாவைக் கூட்டி வருகிறவர்கள், அன்றைய காற்றுத் தரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 24ஆம் தேதி மத்தியானம் 12 மணிக்குப் பெரிய கடைகள் சட்டப்படி மூடிவிடும். அரிசி, பால் எல்லாம் முந்தின நாளே வாங்கி வையுங்கள்.

மார்கழிப்பூ

தம்பி தெற்குத்தெரு, மற்றதெல்லாம் சரி, கரி விஷயத்தில் நீங்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் இந்த ஊர் மருமகள். என் மாமனாரின் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் தொழிலாளிகளுக்குச் சம்பளத்தோடு வீட்டுக்கு எரிக்கக் கரியும் கிடைக்கும். வண்டி வந்து கரியைக் கொட்டும் நாளைப் பற்றி மாமியார் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம், தீபாவளிக்குத் துணி வந்த நாள் மாதிரி சொல்வார். அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவர் கையில் கரி வெறும் தண்டனையாக இருக்க முடியாது. நகர எல்லைக்குள் இருந்த கடைசிச் சுரங்கம் 1994இல் மூடியது. பக்கத்து ஊரான கர்வினா பக்கம் அதற்கப்புறமும் வெகுகாலம் வெட்டினார்கள். நோஷோவிட்சே தம்பி பார்த்தவர் எந்தக் குழியில் இருந்தவரோ, மகளிடம் அது பரிசுதான் என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

என்னுடையது அதற்கு முந்தின நாள், டிசம்பர் 4. புனித பார்பரா நாள், சுரங்கத்தாரின் காவல் தெய்வம். கறுப்புச் சீருடை, தொப்பியில் இறகோடு வயதானவர்கள் சிலர் சந்தையில் ஒரு மேசையைச் சுற்றி நின்று குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கல்யாணமான முதல் வருடம். மாமியார் ஒரு செரிக் கிளையை வாங்கி என் கையில் கொடுத்தார். அன்றைக்கு வெட்டி, வீட்டுக்குள் தண்ணீரில் வைத்தால் கிறிஸ்துமஸுக்குப் பூக்கும், கல்யாணமாகாத பெண்ணுக்குப் பூத்தால் அடுத்த வருடம் கல்யாணம். எனக்குத்தான் ஆகிவிட்டதே என்று கேட்டேன். அந்த மேசையில் மாமியாருக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார். அவரிடம் மாமியார் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். அவர் தொப்பியைக் கழற்றி எனக்கு வணக்கம் வைத்தார். அந்தக் குடும்பத்தில் என்னை ஒரு ஆளாக முதலில் நடத்தியது அந்தத் தொப்பிதான். அவர் யார் என்று மாமியார் கடைசிவரை சொல்லவில்லை, நான் கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுவார்.

கொதிகலன்

2023 டிசம்பர். இந்த ஊர் குன்சிட்சே பகுதியில் உள்ள எஃகு ஆலைக்கு மின்சாரமும் நீராவியும் கொடுத்துவந்த நிறுவனம் அந்த மாதம் நொடித்துப்போனது, ஆலையும் நின்றது, ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். உங்களில் பலர் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

சந்தையில் கம்பளிச் சாக்ஸ் விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் பேரம் பேசாமல் இரண்டு ஜோடி எடுத்தேன். எந்த நாடு என்று கேட்டார். இந்தியா என்றேன். கையில் எடுத்த சாக்ஸைப் பையில் போடாமல் அப்படியே நிறுத்திவிட்டார். கணவர் அந்த ஆலையில் என்று மட்டும் சொன்னார். 2003 முதல் அந்த டிசம்பர் வரை அதன் முதலாளிகள் இந்தியாவில் பிறந்தவர்கள். முதலில் ஒருவர், அப்புறம் இன்னொருவர். அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்தது. நான் வேறு ஒரு அலுவலகத்தில் கணினி முன்னால் உட்காருகிறவன், அந்த ஆலை வாசலைக்கூடப் பார்த்ததில்லை. அதைச் சொல்வது அந்த இடத்தில் அசிங்கமாகப் பட்டது. அவர் கோபப்படவில்லை. சாக்ஸைப் பையில் போட்டு, மிச்சக் காசை எண்ணி, கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொன்னார். எல்லோருக்கும் சொல்வதைத்தான் எனக்கும் சொன்னார். பதிலுக்கு நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டுமா? என்னவென்று?

2024இல் அந்த ஆலை நீதிமன்றத்தில் திவாலாக அறிவிக்கப்பட்டது. அதற்கப்புறம் அந்தக் கடையை நான் பார்க்கவில்லை.

பிர்னோவிலிருந்து

மாணவித் தங்கைக்கு ஒன்று. பையன் அழுது, கடைசியில் ஆற்றில் கொண்டுபோய் விட்டிருப்பார்கள் என்று நினைத்து ஆறுதல்பட்டுக்கொள்ள வேண்டாம். எங்கள் ஊர் ஸ்வ்ராட்கா ஆற்றங்கரையில் 24ஆம் தேதி காலையில் ஒரு குடும்பம் அப்படி விட்டதைப் பார்த்தேன், எல்லோரும் கை தட்டினார்கள். அந்த மீன் பெரும்பாலும் பிழைக்காது. இலையுதிர் காலத்தில் குளத்தை வடித்துப் பிடித்து, சேற்று வாடை போக வாரக்கணக்கில் சுத்தமான தண்ணீரில் பட்டினியாக வைத்திருப்பார்கள். அப்புறம் தொட்டி, பை, குழாய்த் தண்ணீர். அதற்குப் பிறகு உறையும் ஆற்றில் விட்டால் என்ன ஆகும்? மீன்பிடிச் சங்கத்தார் வருடா வருடம் விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள். வாங்கினால் கடையிலேயே வெட்டி வாங்குங்கள். ஒரே அடியில் மயக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். வீட்டில் பழக்கமில்லாதவர் கையில் அது படும் பாடு வேறு.

பொறியியல் மாணவி

பிர்னோ அண்ணா, மீன் பிழைத்ததா என்று நான் கேட்கவில்லையே. பாட்டி ஏன் வெட்டி வாங்கவில்லை என்பதுதான் என் கேள்வி. தொட்டிக்காரர் கேட்டபோது முதலில் அவர் பையனைத்தான் பார்த்தார், அப்புறம்தான் உயிரோடு என்றார். அவன் கேட்டிருந்தால் பரவாயில்லை. அவன் எதுவும் கேட்கவில்லை, நான் பக்கத்திலேயே நின்றேன்.